நிர்வாகம் படிச்சாச்சு... நாற்காலி எங்கே? பொது நிர்வாக எம்.ஏ.வுக்குப் பிறகு முன்னேற என்ன வழி?

பொது நிர்வாகத்தில் எம்.ஏ. முடித்தவரிடம் உறவினர்கள் முதலில் கேட்பது, "அப்போ கலெக்டர் ஆகிடலாமா?" என்பதுதான். அந்தக் கேள்வியில் கிண்டல் ஏதும் இல்லை. மருத்துவம் படித்தவர் மருத்துவர் ஆகிறார், சட்டம் படித்தவர் வழக்கறிஞர் ஆகிறார். அப்படியானால் நிர்வாகம் படித்தவர் நிர்வாகிதானே ஆக வேண்டும்? நியாயமான கணக்குதான். ஆனால், இந்தியாவில் இந்த ஒரு கணக்கு மட்டும் டேலி ஆவதில்லை.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் தடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தாம்பரத்தில் உள்ள சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பொது நிர்வாகம் முதுகலைப் பாடம். பொத்தேரி, காட்டாங்குளத்தூர் நிலையங்களில் எஸ்.ஆர்.எம். மாணவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்குகிறார்கள். அடுத்த நிலையமான மறைமலை நகரில், உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அலுவலர்களுக்கும் பயிற்சி தரும் மாநில ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனம் இருக்கிறது. காட்டாங்குளத்தூர் பெயரிலேயே ஓர் ஊராட்சி ஒன்றியமும் உண்டு. படிப்பு, பயிற்சி, நிர்வாகம் மூன்றும் அரை மணி நேர ரயில் பயணத்துக்குள். ஆனால், முதலாவதில் இருந்து மூன்றாவதுக்குப் போக நேரடிப் பாதை மட்டும் கிடையாது.

இந்தப் படிப்பு வீண் என்று சொல்வது சுலபம். அது உண்மையும் அல்ல. பட்டம் எங்கே உதவும், எங்கே உதவாது என்பதை யாரும் மாணவர்களிடம் உடைத்துச் சொல்வதில்லை என்பதுதான் பிரச்சினை. தெரியாமலேயே இருபதுகளின் நல்ல வருடங்களைப் பலர் இழக்கிறார்கள்.

பட்டத்தைக் கேட்காத தேர்வுகள்

யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். டிஎன்பிஎஸ்சி குரூப் 1 வழியாக துணை ஆட்சியர், டிஎஸ்பி, கூட்டுறவு சங்கத் துணைப் பதிவாளர், ஊரக வளர்ச்சி உதவி இயக்குநர் போன்ற பதவிகளுக்குப் போக விரும்புகிறவருக்கும் பொதுவாக ஒரு பட்டமே தகுதி. குரூப் 2 தேர்வும் அப்படியே. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். இவற்றில் எதிலும் "பொது நிர்வாகம் படித்தவருக்கு முன்னுரிமை" என்று ஒரு வரி இல்லை.

முன்பு மறைமுகமான ஒரு லாபம் இருந்தது. 1987 முதல் யுபிஎஸ்சி தேர்வில் பொது நிர்வாகம் தனி விருப்பப் பாடம். 2013-க்கு முன்பு முதன்மைத் தேர்வின் எழுத்து மதிப்பெண் 2,000; அதில் இரண்டு விருப்பப் பாடங்களுக்கு மட்டும் 1,200. 2009 தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பிடித்த ஷா ஃபைசல் பொது நிர்வாகத்தை விருப்பப் பாடமாக எடுத்தவர்தான். ஆனால், அவர் படித்தது எம்.பி.பி.எஸ். அந்தப் பாடத்தைத் தேர்வுக்குப் படிப்பதற்கு அதில் பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை என்பதற்கு அவரே சாட்சி.

பிறகு அந்த லாபமும் சுருங்கியது. 2011-ல் முதல்நிலைத் தேர்விலிருந்து விருப்பப் பாடம் போய் சிசாட் வந்தது. 2013-ல் முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடம் ஒன்றாகக் குறைந்தது. இப்போது எழுத்துத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு 500 மட்டுமே. அதே நேரத்தில் அரசமைப்பு, ஆளுகை, நிர்வாக நெறிமுறை எல்லாம் பொது அறிவுத் தாள்களுக்குள் வந்துவிட்டன. அதாவது, எம்.ஏ. மாணவர் இரண்டு வருடம் படிப்பதில் ஒரு பகுதியை இன்றைக்கு எல்லோருமே படிக்கிறார்கள். இன்ஜினீயரும் படிக்கிறார், பல் மருத்துவரும் படிக்கிறார். படித்தது கைகொடுக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் தனிச் சலுகை என்று சொல்ல அதில் எதுவும் மிச்சமில்லை.

போட்டியின் அளவையும் பார்க்க வேண்டும். 2022-ல் நடந்த குரூப் 4 தேர்வில் முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம். ஓர் இடத்துக்குச் சுமார் 300 பேர். பத்தாம் வகுப்பு தகுதி கொண்ட அந்த வரிசையில் முதுகலை முடித்தவர்களும் நின்றார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

ஏன் இப்படி ஆனது?

இதன் வேர் 1854-ல் இருக்கிறது. மெக்காலே தலைமையிலான குழு, இந்தியாவை ஆள வருகிறவர்களைப் பொதுக் கல்வியில் சிறந்தவர்களாகப் பார்த்துத் திறந்த போட்டி மூலம் எடுக்கச் சொன்னது. நிர்வாகத்தை வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்பது அதன் நம்பிக்கை. 1855-ல் லண்டனில் முதல் தேர்வு நடந்தது. பிரிட்டனே 1968-ல் ஃபுல்டன் குழு அறிக்கை மூலம் இந்த "எல்லாம் தெரிந்த பொது அதிகாரி" முறையைக் கடுமையாக விமர்சித்தது. இந்தியா மட்டும் அதன் அடிப்படையை இன்றுவரை விடவில்லை.

இத்தனைக்கும் இந்தப் படிப்பு இங்கே புதிது அல்ல. 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழகம் பொது நிர்வாகத்தில் டிப்ளமோ தொடங்கியது. இந்தியாவில் இந்தப் பாடம் தனியாகக் கற்பிக்கப்பட்டதன் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்க நிபுணர் பால் ஆப்பிள்பியின் 1953 அறிக்கையைத் தொடர்ந்து 1954-ல் டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் அமைந்தது. படிப்பு வளர்ந்தது. அதற்கென்று ஒரு பதவி மட்டும் உருவாகவில்லை.

ஒரே ஒரு முறை அந்தப் பேச்சு தீவிரமாக எழுந்தது. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2008-ல் தன் 10-வது அறிக்கையை அளித்தது. தேசியப் பொது நிர்வாக நிறுவனங்களை அமைத்து அங்கே இளங்கலைப் படிப்புகளை நடத்த வேண்டும், அவற்றை முடித்தவர்கள் குடிமைப் பணித் தேர்வை எழுதலாம், வேறு பாடம் படித்தவர்கள் ஓர் இணைப்புப் படிப்பை முடித்துவிட்டு வரலாம் என்றது. அந்தப் பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை.

வராமல் போனதில் ஒரு நன்மையும் இருக்கிறது. கிராமத்துக் கல்லூரியில் தமிழ் வழியில் வரலாறு படித்த முதல் தலைமுறைப் பட்டதாரியும், பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே பி.காம். முடித்தவரும் இன்றைக்கு அதே தேர்வை எழுத முடிகிறது. குறிப்பிட்ட படிப்பை வாசலாக வைத்தால், அந்தப் படிப்பு எந்த ஊரில் கிடைக்கும், கட்டணம் எவ்வளவு என்பதே யார் அதிகாரி ஆவது என்பதை முடிவு செய்துவிடும். தமிழ்நாட்டில் அதை யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. ஆகவே "எங்களுக்கு மட்டும் வாசலைத் திற" என்பது சரியான கோரிக்கை அல்ல. சரியான கோரிக்கை எது என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவருக்கு?

தொலைநிலைக் கல்வியில் பொது நிர்வாக எம்.ஏ. சேருகிறவர்களில் அரசு ஊழியர்களும் உண்டு. "பட்டம் வாங்கினால் புரமோஷன் சீக்கிரம் வரும்" என்ற எதிர்பார்ப்புதான் காரணம். இதில் உண்மை நிலவரம் கொஞ்சம் கசப்பானது.

இளநிலை உதவியாளர் ஒருவர் மேலே போவது பணிமூப்பு, துறைத்தேர்வு, நடத்தை அறிக்கை ஆகியவற்றை வைத்துத்தான். டிஎன்பிஎஸ்சி ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் துறைத்தேர்வுகளில் மாவட்ட அலுவலக நடைமுறைத் தேர்வு, கணக்குத் தேர்வு, வருவாய்த் தேர்வு போன்றவை இருக்கின்றன. பவானிசாகர் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சியையும் முடித்தாக வேண்டும். எம்.ஏ. இருந்தும் கணக்குத் தேர்வில் தேறாதவரைவிட, எம்.ஏ. இல்லாமல் அதில் தேறியவர் முன்னால் போவார். அவ்வளவுதான் விஷயம்.

சம்பளத்திலும் பெரிய மாற்றம் வராது. மத்திய அரசின் 2019 உத்தரவுப்படி, பணியில் சேர்ந்த பிறகு வாங்கும் முதுகலைப் பட்டம் ஓராண்டுக்கு மேற்பட்ட படிப்பாக இருந்தால் ஒரே ஒரு முறை 25,000 ரூபாய் ஊக்கத்தொகை கிடைக்கும். அதுவும் அந்தப் பட்டம் பார்க்கும் வேலையோடு நேரடித் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் உயர்கல்விக்காக வழங்கப்பட்டுவந்த முன் ஊதிய உயர்வு 2020 மார்ச்சில் ரத்தானது.

உள்ளிருந்தே ஐஏஎஸ் ஆகும் வழி ஒன்றும் இருக்கிறது. துணை ஆட்சியராக 8 ஆண்டு பணி முடித்தவர்கள் பதவி உயர்வுக்கான பரிசீலனை வட்டத்துக்குள் வரலாம். அந்த இடங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற உச்சவரம்பு உண்டு. அங்கேயும் பார்க்கப்படுவது பணிப்பதிவு, பட்டம் அல்ல. எனவே குரூப் 4-ல் சேர்ந்தவருக்கு உண்மையான ஏணி, வேலையில் இருந்துகொண்டே குரூப் 2, குரூப் 1 எழுதுவதுதான்.

கேரளம் இதில் ஒரு படி முன்னே போயிருக்கிறது. அங்கே கேரள நிர்வாகப் பணி என்று புதிதாக ஒன்றை உருவாக்கி, 2020-ல் முதல் தேர்வை நடத்தினார்கள். நேரடிப் பட்டதாரிகளுக்கு ஒரு பிரிவு, ஏற்கெனவே பணியில் உள்ள ஊழியர்களுக்குத் தனிப் பிரிவுகள். பணிமூப்புக்காக இருபது வருடம் காத்திருக்காமல், திறமையைக் காட்டி நடுநிலை அதிகாரி ஆக அந்த ஊழியர்களுக்கு ஒரு வழி கிடைத்தது. தமிழ்நாடு கவனிக்க வேண்டிய முயற்சி இது.

தொலைநிலையில் சேருகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் 2, பட்டம் என்ற வரிசையில் படித்து வந்திருந்தால்தான் தமிழ்நாடு அரசுப் பணியில் மேற்படிப்பு செல்லும். அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய முதுகலை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே தீர்ப்பளித்துவிட்டது. படிப்புக்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பட்டம் உண்மையிலேயே கணக்கில் வரும் இடங்கள்

இந்தப் பட்டம் வெறும் அலங்காரமாக இல்லாமல், தகுதியாகவே மதிக்கப்படும் இடங்களும் இருக்கின்றன. சோகம் என்னவென்றால், தேர்வுப் பயிற்சி மைய விளம்பரங்களுக்கு நடுவே இவை கண்ணில் படுவதே இல்லை.

முதலாவது, 2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம். திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்துடன் சேர்ந்து நடத்தப்படும் இரண்டு ஆண்டுத் திட்டம் இது. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு முதல் வகுப்பு இளங்கலை போதும். கலை, அறிவியல் பிரிவினருக்கு முதல் வகுப்பு முதுகலை வேண்டும். அதாவது, பொது நிர்வாக எம்.ஏ. இங்கே நேரடியாக வாசலைத் திறக்கிறது. அரசுத் துறைகளின் திட்டங்களோடு களத்தில் வேலை, மாதம் உதவித்தொகை, முடிவில் பொதுக்கொள்கை மற்றும் மேலாண்மையில் ஒரு முதுகலைச் சான்றிதழ். இடங்கள் மிகக் குறைவு என்பதுதான் குறை.

இரண்டாவது, யுஜிசி நெட். அதில் பொது நிர்வாகம் தனிப் பாடம். முதுகலையில் 55 சதவீதமும் நெட் தேர்ச்சியும் இருந்தால் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஜேஆர்எஃப் கிடைத்தால் ஆய்வு செய்ய முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய்.

மூன்றாவது, கொள்கை சார்ந்த ஆய்வுப் பணிகள். நாடாளுமன்ற உறுப்பினருக்கு உதவியாளராக வேலை செய்யும் லேம்ப் திட்டத்தை டெல்லியின் பிஆர்எஸ் நிறுவனம் நடத்துகிறது. நிதி ஆயோக்கின் இளம் வல்லுநர் பணிக்கு முதுகலை ஒரு தகுதி. பெங்களூருவின் ஜனாக்ரஹா, மும்பையின் பிரஜா, சென்னையின் சிஏஜி போன்ற அமைப்புகள் நகர நிர்வாகத்தைத் தொடர்ந்து ஆராய்கின்றன.

நான்காவது, தனியார் துறையின் அரசுப் பிரிவு. 2015 முதல் 2025 மார்ச் வரை நடந்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில், மாநகராட்சிகளுக்குள்ளேயே ஆலோசனை நிறுவனங்களின் திட்ட மேலாண்மைக் குழுக்கள் உட்கார்ந்து வேலை பார்த்தன. அரசுக் கோப்பின் மொழியும் தெரிந்து, கணக்கும் தெரிந்தவர்களுக்கு அங்கே தேவை உண்டு. கம்பெனிகள் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். மறைமலை நகர், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி, ஒரகடம் என்று ஆலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் அந்தப் பணத்தை அரசுப் பள்ளிக்கும் ஊராட்சிக்கும் முறையாகக் கொண்டுசேர்க்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

வயது என்னும் வரிசை

இங்கேதான் பெரும்பாலானோர் தவறவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த வாசல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூடுகின்றன.

லேம்ப் திட்டத்துக்கு வயது உச்சவரம்பு 25. முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டத்துக்கும் ஜேஆர்எஃப்புக்கும் பொதுப் பிரிவில் 30. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. யுபிஎஸ்சிக்குப் பொதுப் பிரிவில் 32, ஓபிசிக்கு 35, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 37. குரூப் 1-க்குப் பொதுப் பிரிவில் 34, மற்றவர்களுக்கு 39. குரூப் 2-ன் பெரும்பாலான பதவிகளுக்கு இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு வயது உச்சவரம்பே இல்லை.

இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். பட்டத்துக்கு மதிப்புள்ள வாசல்கள் சீக்கிரம் மூடுகின்றன. பட்டத்தைக் கேட்காத வாசல்கள் கடைசிவரை திறந்திருக்கின்றன. ஆனால், மாணவர்கள் செய்வதோ நேர்மாறாக இருக்கிறது. 23 வயதில் எம்.ஏ. முடித்ததும் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முழுநேரமாக யுபிஎஸ்சியில் இறங்குகிறார்கள். "இன்னும் ஒரே ஒரு அட்டெம்ப்ட்" என்று 29, 30 வரை போகிறது. கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால், பட்டத்துக்கு மதிப்பிருந்த இடங்களும் அதற்குள் மூடியிருக்கும். பயோடேட்டாவில் ஆறு வருடம் காலியாக இருக்கும்.

இதை மாற்றிப் போடுவதில் தவறில்லை. முதல் இரண்டு, மூன்று வருடங்களில் ஒரு ஃபெல்லோஷிப், திட்டப் பணி அல்லது ஆய்வுப் பணி. அதோடு சேர்த்துத் தேர்வுத் தயாரிப்பு. ஆண்டுதோறும் 1,000 பேருக்கு 10 மாதம் தலா 7,500 ரூபாய் தரும் நான் முதல்வன் திட்டத்தின் யுபிஎஸ்சி உதவித்தொகைக்கு முயலலாம். எத்தனை முறை எழுதுவது என்ற எண்ணிக்கையை முதல் தேர்வுக்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. தோற்ற பிறகு எடுக்கும் முடிவில் கோபமும் கூச்சமும் கலந்துவிடும்.

வீட்டுச் சூழலும் இதில் முக்கியம். ஒரு பெண்ணுக்கு "தயாராகிறாள்" என்ற பதில் 25 வயதுவரைதான் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடும். கையில் ஒரு வேலையும் சம்பளமும் இருந்தால் அந்தப் பேச்சில் அவருடைய குரலுக்கும் எடை கூடும். முழுநேரத் தயாரிப்பு என்பது வீட்டில் பணமும் பொறுமையும் இருக்கிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

ஜி.எஸ்.டி. சாலையில் தேவை இருக்கிறது

இனி அரசு செய்ய வேண்டியதைப் பார்க்கலாம். நிர்வாகம் படித்தவர்களுக்கு வேலை இல்லை என்றால், நிர்வாகத்துக்கு ஆள் தேவையில்லை என்று அர்த்தமா? இந்தப் பகுதியைச் சுற்றிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகி 70 வார்டுகளுடன் தாம்பரம் மாநகராட்சி உருவானது. பத்து அலுவலகங்களின் வரிப் பதிவேடுகள், குடிநீர் இணைப்புகள், ஒப்பந்தங்கள், பணியாளர்கள் எல்லாவற்றையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவருவது பாடப்புத்தகத்தில் வரும் உதாரணம் போன்ற நிர்வாக வேலை. 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் பம்மலில் முதலமைச்சர் கலந்துகொண்ட பகுதி சபைக் கூட்டம் நடந்தது. அப்படிப்பட்ட கூட்டங்களை வார்டுதோறும் நடத்தி, தீர்மானம் எழுதி, அது என்ன ஆனது என்று பின்தொடர ஆள் வேண்டாமா?

இன்னும் தெற்கே போனால் நிலைமை கஷ்டம். ஊரப்பாக்கம், வண்டலூர் போன்ற இடங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளால் நிறைந்த பிறகும் பல ஆண்டுகள் கிராம ஊராட்சிகளாகவே நிர்வகிக்கப்பட்டன. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததும் போக்குவரத்து, குப்பை, வடிகால், கடைகள் என்று எல்லா நெருக்கடியும் கூடியது. ஒரு கிராம ஊராட்சியின் அன்றாட நிர்வாகத்தைத் தாங்குபவர் ஊராட்சிச் செயலர். அந்தப் பதவிக்குக் குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்பு. அவர்கள் அனுபவத்தால் நிறையக் கற்றவர்கள். அதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால், நகரமாகவே மாறிவிட்ட ஓர் ஊரின் திடக்கழிவுத் திட்டத்தையும் கட்டட அனுமதிக் குவியலையும் அவர் தனியாகச் சுமக்கிறார். சில ரயில் நிலையங்கள் தள்ளி, உள்ளாட்சி நிர்வாகத்தைப் பாடமாகவே படித்த ஒருவர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்காவில் இந்த இடைவெளியை வேறு விதமாக அடைத்தார்கள். அங்கே பல நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், தொழில்முறை நகர மேலாளர் ஒருவரை நியமிக்கிறது. 1908-ல் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் நகரம் இதைத் தொடங்கியது. 1914-ல் அந்த மேலாளர்களுக்கென்று ஒரு சங்கமே உருவானது. பொது நிர்வாக முதுகலை அந்தத் தொழிலுக்கான வழக்கமான படிப்பு. தமிழில் எழுதினால் அதுவும் "எம்.பி.ஏ."தான், வணிக மேலாண்மையும் "எம்.பி.ஏ."தான். ஆனால், ஒன்றுக்கு இங்கே வளாகத் தேர்வு நடக்கிறது. மற்றொன்றுக்கு நூலகத்தில் இடம்பிடிக்கும் போட்டி நடக்கிறது.

பாடத்திட்டத்துக்கும் பொறுப்பு உண்டு

எல்லாப் பழியையும் அரசு மேல் போடவும் முடியாது. வெபரின் அதிகாரவர்க்கக் கோட்பாடும், டெய்லரின் அறிவியல் மேலாண்மையும், ரிக்ஸின் சூழலியல் அணுகுமுறையும் தெரிந்த ஒருவருக்கு, ஒரு நகராட்சி பட்ஜெட்டில் மூலதனச் செலவு எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரியாவிட்டால், அவரை எந்த அலுவலகமும் தேடி வராது. கோட்பாடு வேண்டும். அது மட்டும் போதாது.

1998-ன் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகள், தணிக்கை அறிக்கை படிப்பது, எக்செல், வரைபட மென்பொருள், தமிழில் தெளிவாக ஓர் அலுவலகக் குறிப்பு எழுதுவது... இவை வகுப்பறையிலேயே பழக வேண்டியவை. இதில் பலவற்றுக்குச் செலவும் இல்லை. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி தன் வார்டின் ஒரு சாலைப் பணிக்கான மதிப்பீட்டைக் கேட்டு வாங்கி, அதையே எம்.ஏ. ஆய்வேடாக எழுதலாம். ஆண்டுக்கு ஆறு முறை நடக்கும் கிராம சபைக் கூட்டத்தில் உட்கார்ந்து, தீர்மானங்கள் என்ன ஆயின என்று ஒரு வருடம் பின்தொடரலாம். நேர்முகத் தேர்வில் "என்ன செய்திருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறு இல்லை.

என்ன கேட்க வேண்டும்?

தேர்வு வாசலைப் பொது நிர்வாக மாணவர்களுக்கு மட்டும் ஒதுக்கச் சொல்வது அநியாயம். படித்த படிப்பைக் கண்டுகொள்ளவே மாட்டோம் என்பதும் அநியாயம்தான். இரண்டுக்கும் நடுவே செய்யக்கூடியவை இருக்கின்றன.

ஒன்று, மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியங்களில் ஓராண்டு சம்பளத்துடன் கூடிய பழகுநர் பணி. முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டம் தலைமைச் செயலக அளவில் செய்வதை, காட்டாங்குளத்தூர் ஒன்றிய அளவுக்குக் கீழே இறக்கினால் போதும். பயிற்சி தர மறைமலை நகரில் நிறுவனம் தயாராகவே இருக்கிறது.

இரண்டு, நகரமாக மாறிவரும் பெரிய ஊராட்சிகளில் செயலருக்குத் துணையாகத் திட்டமிடல், கணக்குப் பணிகளைப் பார்க்க ஒரு பட்டதாரிப் பதவி. அதற்கும் டிஎன்பிஎஸ்சி வழியாகவே, இட ஒதுக்கீட்டுடன், திறந்த போட்டியே நடக்கட்டும். தேர்வுத் தாள் மட்டும் உள்ளாட்சி நிர்வாகத்தைப் பற்றியதாக இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். பாடத்தைப் படித்தவருக்கு அதன் பலன் தானாகக் கிடைக்கும்.

மூன்று, பணியில் இருக்கும் ஊழியர்களுக்குக் கேரளம் போல ஒரு தனித் தேர்வுப் பாதை.

இவை வரும்வரை மாணவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. பட்டம் கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, எந்த வாசல் எந்த வயதில் மூடும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது. 25-ல் மூடுவதற்கு முதலில் விண்ணப்பம் போடுங்கள். 32-ல் மூடுவது அதுவரை எங்கேயும் போய்விடாது.